அத்து விடுவதற்கு ஆன செலவு

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரின் பெயரை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது ஓ.பி. ராமசாமி ரெட்டியாரால். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். மாகாண முதல்வரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளின் சட்டங்களைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் கோயில் நுழைவு, தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு, மதுவிலக்கு என்று நான்கைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்தாவதாக ஒன்று உண்டு. அவருடைய ஆட்சியின் கடைசி மாதங்களில், 1949-ஆம் ஆண்டின் 6-ஆவது சட்டமாக வந்த சென்னை இந்து இருதார மணத் தடை மற்றும் மணமுறிவுச் சட்டம். இந்து மணத்தைக் கோர்ட்டில் முறித்துக்கொள்ளும் பொதுவான உரிமை தமிழ்நாட்டுப் பெண்ணுக்கும் ஆணுக்கும் முதன்முதலில் கிடைத்தது அதில்தான். இந்தியா முழுமைக்குமான இந்து திருமணச் சட்டம் வர அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் ஆயின. பக்தியும் கட்டுப்பாடுமாக வாழ்ந்த ஒரு விவசாயி தலைமை தாங்கிய அமைச்சரவையின் காலத்தில் இது நடந்தது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மணமுறிவு என்றாலே மேல்நாட்டு மோகம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்திருப்பதில்லை.

விவாகரத்துக்கு என்ன செலவாகும் என்று இன்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் வக்கீல் ஃபீஸைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். இந்த வட்டாரத்தில் கணவனும் மனைவியும் பிரிந்த முறைகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கேள்வி போதாது என்று தெரியும். பிரிவதற்கு எந்தக் காலத்திலும் ஒரு விலை இருந்தது. அதை யார் நிர்ணயித்தார்கள், யார் கட்டினார்கள், எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்ததா என்பவை காலத்துக்குக் காலம் மாறின. 1949-இன் சட்டம் வாசலைத் திறந்தது; அந்த வாசலுக்குப் போய்ச் சேரும் செலவை அவரவர் தலையில் விட்டது. கையில் காசில்லாதவர் தலையில், அதிலும் பெண்ணின் தலையில், அந்தச் சுமை அதிகமாக விழுந்தது. பின்னால் வந்த திருத்தங்களில் பாதி இந்தக் குறையைச் சரிசெய்ய வந்தவை என்பதும், அந்த வேலை இன்னும் முடியவில்லை என்பதும் என் வாதம்.

கோர்ட்டுக்கு முன்னால் இருந்ததிலிருந்து தொடங்க வேண்டும். உழைக்கும் சாதிகள் பலவற்றில் மணமுறிவும் மறுமணமும் வழக்கமாகவே இருந்தன. ஊர்ப் பெரியவர்களும் இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசுவார்கள். அத்து விட்டாயிற்று என்றால் விஷயம் முடிந்தது. பெண் மறுபடி தாலி கட்டிக்கொள்வதை அறுத்துக் கட்டுவது என்றார்கள். செலவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மணத்தின்போது கொடுத்த பரிசம் திரும்பும், பஞ்சாயத்துக்கு ஒரு தொகை போகும், நகையும் பாத்திரமும் கணக்குப் பார்க்கப்படும். 1894-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் இப்படிப்பட்ட ஒரு வழக்கம் வந்தது. மணமான காலத்தில் ஆன செலவை, அதாவது பரிசத்தை, ஒருவர் மற்றவருக்குத் திருப்பிக் கொடுத்து இருவரும் சம்மதித்துப் பிரிவதும், பிறகு மறுமணம் செய்துகொள்வதும் சாதி வழக்கமாக இருந்தால் அதில் ஒழுக்கக்கேடு ஒன்றும் இல்லை என்று அது சொன்னது. இங்கிலாந்திலேயே மணமுறிவு வசதி படைத்தவர்களுக்கு மட்டும் எட்டுவதாக இருந்த காலம் அது. பரஸ்பர சம்மதத்தில் பிரிவதை இந்து திருமணச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1976-இல். தமிழ்நாட்டுக் கிராமத்து வழக்கத்துக்கு அது புதிதல்ல.

அப்படியானால் அந்தப் பஞ்சாயத்துக்கே திரும்பிவிடலாமே, மலிவாயிற்றே, பக்கத்திலேயே இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. அந்த மலிவை யார் அனுபவித்தார்கள் என்று பார்த்தால் இந்த ஆசை குறையும். பரிசத்தை வாங்கியவர் பெண்ணின் தகப்பன். கொடுத்தவர் மாப்பிள்ளை வீட்டார். அது திரும்பும்போதும் ஆண்கள் கையிலிருந்து ஆண்கள் கைக்கே போனது. பல நேரம், அவளை அடுத்து மணக்க வந்தவன்தான் அந்தத் தொகையைக் கட்டினான். அவள் களத்திலும் காட்டிலும் உழைத்த ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கட்ட ஆளில்லாத பெண்ணுக்குப் பிரிவே இல்லை. பஞ்சாயத்தின் தீர்ப்பில் சாட்சியம் இல்லை, ஏடு இல்லை, மேல்முறையீடு இல்லை. நாட்டாமை யாருக்கு உறவோ அந்தப் பக்கம் தராசு சாய்ந்தால் கேட்க நாதியில்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் 1915-இல், சாதி நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு மற்றவரின் சம்மதமே இல்லாமல் ஒருவர் விலகிக்கொள்ளும் வழக்கத்தைப் பொதுக்கொள்கைக்கு விரோதமானது என்று தள்ளியது. சம்மதம் இருந்தால் வழக்கம் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்று இந்த இரு தீர்ப்புகளும் சேர்ந்து ஒரு கோடு கிழித்தன. கணவன் சம்மதிக்காத பெண்ணுக்கு அதனால் வழி பிறந்துவிடவில்லை. அவளுக்குத்தான் வெளியேறும் வழி அவசரமாகத் தேவைப்பட்டது.

மேல்சாதி என்று சொல்லிக்கொண்ட குடும்பங்களில் நிலைமை வேறு. அங்கே அத்து விடும் வழக்கமே கிடையாது. சாஸ்திரப்படி மணம் முறியாது என்றார்கள். அந்த விதி யாரைக் கட்டியது என்பதைக் கவனியுங்கள். கணவனுக்கு மனைவி வேண்டாம் என்றால் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை. அவன் ஒரு காசு செலவில்லாமல் பழைய மணத்திலிருந்து வெளியேறினான். முதல் மனைவி ஒரு மூலையில் சாப்பாட்டுக்கும் துணிக்கும் கையேந்தி நின்றாள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்கலாம்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவு அதற்கு இடம் தந்தது. மாதம் 50 ரூபாய்க்கு மேல் கிடைக்காது என்று அதற்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 1923-இல் அது 100 ரூபாயானது, 1955-இல் 500 ஆனது, 2001-இல்தான் வரம்பே எடுக்கப்பட்டது. கணவன் ஆயிரக்கணக்கில் நிலவருமானம் உள்ளவனாக இருந்தாலும் அதே வரம்புதான்.

இதனால்தான் 1949-இன் சட்டத்தின் பெயரில் இருதாரத் தடையும் மணமுறிவும் சேர்ந்தே வருவதை நான் முக்கியமாக எண்ணுகிறேன். பம்பாய் மாகாணம் 1946-இல் இருதாரத் தடைக்கு ஒரு சட்டமும் 1947-இல் மணமுறிவுக்கு இன்னொரு சட்டமும் செய்தது. சென்னை இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தது. இரண்டாவது தாரம் கூடாது என்றதும், பழைய மணத்தை முறிக்காமல் புது மணம் செய்யும் ஆணின் இலவச வழி அடைபட்டது. பிரிவதற்கான செலவு ஆணுக்கும் உண்டு என்பது அன்றைக்குத்தான் தொடங்கியது. மணமுறிவு ஆண்களை வாட்டுகிறது, செலவில் மூழ்கடிக்கிறது என்று இன்று கேட்கிற புலம்பலில் உண்மை இருக்கலாம். அந்தச் செலவு 1949 வரை ஒரு தரப்பு மட்டும் சுமந்துவந்த ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டம் வந்த பிறகு அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். அரசியல் சட்டத்துக்கு அது முரணானதல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது.

இதற்கெல்லாம் விதை இந்தப் பக்கத்திலேயே போடப்பட்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து ரயிலில் சென்னைக்குப் போகும் வழியில் இருக்கிற செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், ஒத்துவராத மணத்திலிருந்து விலக உரிமை வேண்டும் என்ற இரண்டையும் அது தீர்மானங்களாக நிறைவேற்றியது. மாநாட்டுக்காரர்கள் அவற்றைச் சேர்த்து வைத்ததில் தெளிவான காரணம் இருந்தது: சொத்தில்லாதவளுக்கு விலகும் உரிமையைக் கொடுத்தால் அது ஏட்டில்தான் இருக்கும். சட்டசபை விலகும் உரிமையை 1949-இல் கொடுத்தது. மகளுக்கு மகனோடு பூர்வீகச் சொத்தில் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. இடையில் போன 40 ஆண்டுகளில் கோர்ட்டுக்குப் போக நினைத்த பெண், அண்ணன் தம்பி மனம் வைத்தால்தான் வக்கீலைப் பார்க்க முடிந்தது.

இந்த ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் செலவு இன்னும் நீண்ட வழியில் வந்தது. ஆற்காடு மிஷன் வேலை செய்த திண்டிவனம் பகுதியில் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம். கணவன் மனைவியின் பிறழ்நடத்தையை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிபதி தீர்ப்புக் கொடுத்த பிறகும் அது முடியாது. கோப்பு சென்னைக்குப் போய், உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதை உறுதிசெய்ய வேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்குத் தரும் ஜீவனாம்சம் கணவனின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 2001-இல் திருத்தம் வரும் வரை, 132 ஆண்டுகள், இந்த நிலை இருந்தது.

இந்துக்களுக்கு 1955-இல் வந்த மத்தியச் சட்டம் சென்னைச் சட்டத்தை ரத்து செய்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. அதன்படி மனு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அரசு விரும்பினால் கீழ்நிலைச் சிவில் கோர்ட்டுக்கும் அதிகாரம் தரலாம். ஓமந்தூர் அப்போது தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, தலைநகரம் கடலூர். திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் மாறிக் கடலூர் போய்ச் சேர்ந்து, வாய்தா வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் திரும்புவது ஒரு பெண்ணுக்கும் அவளோடு துணைக்குப் போகும் ஒருவருக்கும் எத்தனை கூலி நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு ஒரே துன்பத்துக்கு இரண்டு வழக்கு நடத்த வேண்டியிருந்தது. அடிக்கிற கணவனிடமிருந்து விடுபட 1955-இன் சட்டம் நேரடியாக மணமுறிவு தரவில்லை. கொடுமை என்பது நீதிமுறைப் பிரிவினைக்கு மட்டுமே காரணம். அந்த உத்தரவை வாங்கி, இரண்டு ஆண்டு காத்திருந்து, மறுபடி மணமுறிவு மனு போட வேண்டும். மணமாகி மூன்று ஆண்டு ஆகாமல் பொதுவாக மனுவே போட முடியாது. தீர்ப்பு கிடைத்தும் ஓராண்டு ஆகாமல் மறுமணம் கூடாது. குடும்பத்தைக் காப்பாற்றவே இப்படி வைத்தோம் என்றார்கள். காத்திருந்த அந்த ஆண்டுகளில் அவளுக்கு யார் சோறு போட்டார்கள் என்று சட்டம் கேட்கவில்லை. 1976-இன் திருத்தம்தான் கொடுமையையும் கைவிடலையும் மணமுறிவுக்கே காரணங்களாக்கி, காத்திருப்பையும் குறைத்தது.

கோர்ட் இவ்வளவு தூரத்தில் இருந்ததால் ஏழைகள் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். 1955-இன் சட்டமும் 29-ஆவது பிரிவில் வழக்கப்படியான மணமுறிவைக் கைவைக்காமல் விட்டது. நல்ல எண்ணம்தான், ஆனால் அதற்குள் ஒரு பொறி இருந்தது. ஸ்டாம்பு பேப்பரில் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டோம் என்று நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள், பின்னாளில் சொத்துத் தகராறு வந்தபோது, தங்கள் சாதியில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் இதையே சொன்னது: வழக்கத்தை முறையாகச் சொல்லி நிரூபிக்காவிட்டால் பத்திரம் செல்லாது. நிரூபிக்க முடியாமல் போனால் இரண்டாவது மணமே மணமல்ல. இருதாரக் குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறை என்ற சட்டமும் தலைக்கு மேல் நிற்கும். பத்திரம் எழுதும் அன்று ஆன செலவு சிறியது. மீதி பல ஆண்டு கழித்து, பெரும்பாலும் இரண்டாவது மனைவியிடமும் அவள் பிள்ளைகளிடமும் வசூலானது.

இன்றைய செலவை அருகில் வைத்துப் பார்ப்போம். மனுவில் ஒட்டும் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு பெரிய தொகையே அல்ல. சொத்து வழக்கைப் போல மதிப்புக்கு ஏற்ப அது ஏறுவதும் இல்லை. கல்யாணப் பத்திரிகை, மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோ, ஆதார் நகல், வக்காலத்தில் ஒட்டும் வழக்கறிஞர் நல நிதி ஸ்டாம்பு, எதிர்தரப்புக்குச் சம்மன் அனுப்பும் பேட்டா, டைப்பிங், இத்தனையும் சேர்ந்தும் குடும்பத்தை முறிக்கும் செலவல்ல. வக்கீல் ஃபீஸும் பேசிக்கொள்வதைப் பொறுத்தது. முறிப்பது வாய்தா. நூறு நாள் வேலைக்கும் மல்லாட்டைக் காட்டில் களை எடுக்கவும் போகிற பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட வேண்டும், பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், குழந்தையை யாரிடமாவது விட வேண்டும். கணவன் சென்னையில் வழக்குப் போட்டுவிட்டால் அதைத் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் தனி மனு, தனி வக்கீல். மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்ற திருத்தம் 2003-இல் வந்தது. அது அவள் முதலில் போட்டால் உதவும். அவன் முந்திக்கொண்டால் உதவாது. இழுத்தடிப்பதில் யாருக்கு லாபம் என்பதிலிருந்தே செலவு யார் தலையில் விழுகிறது என்பது புரியும். சம்பளமும் வீடும் உள்ளவருக்கு ஒரு வாய்தா அலுப்பு. மற்றவருக்கு அது அந்த வாரத்து அரிசி.

சட்டம் இதை அறியாமல் இல்லை. தனக்கென்று போதிய வருமானம் இல்லாத தரப்புக்கு, கணவனோ மனைவியோ யாரானாலும், வழக்கு நடக்கும்போதே மாதாந்தரப் பணமும் வழக்குச் செலவும் மற்றவர் தர வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு 1955-இலிருந்தே சொல்கிறது. இயன்றவரை 60 நாளில் அந்த மனுவை முடிக்க வேண்டும் என்று 2001-இல் சேர்த்தார்கள். சொத்தையும் வருமானத்தையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் விரிவாக நெறிப்படுத்தியது. 1984-இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் வக்கீல் வைப்பதை உரிமையாகவே தரவில்லை. இருவரும் தாங்களே பேசி, செலவில்லாமல் முடித்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். நடைமுறையில் அனுமதி பெற்று வக்கீல்கள் வருகிறார்கள். கோர்ட் பாஷை தெரியாத பெண்ணை வக்கீலில்லாமல் நிற்க வைப்பதும் நியாயமில்லை என்பதால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை 24-ஆவது பிரிவு மனு கிடப்பில் கிடப்பதில் இருக்கிறது. முதலில் தீர வேண்டிய மனு மூல வழக்கோடு சேர்ந்து ஊர்ந்தால், அந்தப் பிரிவு இருந்தும் இல்லாததுதான்.

செலவைக் குறைத்தால் குடும்பங்கள் சிதறும் என்ற அச்சத்துக்குப் பதில் சொல்லாமல் இந்த வாதம் முழுமையாகாது. இதை நல்ல மனத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. இதே சென்னை மாகாணத்தின் மலபாரில், 1932-ஆம் ஆண்டின் மருமக்கத்தாயச் சட்டப்படி, இருவரும் சேர்ந்து பதிவு செய்த ஒரு பத்திரத்தாலேயே மணத்தை முடித்துக்கொள்ள முடிந்தது. ஒருவர் மட்டும் விரும்பினால் கோர்ட்டில் மனு போட்டு ஆறு மாதம் காத்திருந்தால் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது நின்றுபோய்விடவில்லை. தரவாடுகள் என்ற பெரிய கூட்டுக் குடும்பங்கள் உடைந்தன என்றால் அதற்குக் காரணம் சொத்தைப் பங்கு பிரிக்கும் உரிமை. தமிழ்நாட்டிலும், அத்து விடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்த சாதிகளில் குடும்பம் மற்ற சாதிகளைவிடத் தளர்வாக இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. செலவுக்குப் பயந்து சேர்ந்திருக்கிற இருவரைக் காட்டி இந்தக் குடும்பம் காப்பாற்றப்பட்டது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. செலவுக்குப் பயப்படுகிறவர் பெரும்பாலும் ஒருவர்தான், மற்றவர் அந்தப் பயத்தின் மேல் வாழ்கிறார்.

இலவசச் சட்ட உதவிதான் இருக்கிறதே, பிறகு என்ன குறை என்பார்கள். இருக்கிறது. 1987-இல் இயற்றி 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் அனைவருக்கும் வக்கீலையும் கோர்ட் செலவையும் இலவசமாகத் தருகிறது. பஸ் கட்டணத்தையும் போன கூலியையும் அது தராது. அதனால் கோர்ட் பக்கத்தில் இருப்பதும் வாய்தா குறைவதும் அதைவிடப் பெரிய உதவி. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. இப்போது அங்கே குடும்ப நீதிமன்றம் இருக்கிறது, திண்டிவனத்தில் சார்பு நீதிமன்றம் இருக்கிறது. கடலூருக்கு ரயில் மாறிப் போன காலம் போய்விட்டது. இனி செய்ய வேண்டியது 24-ஆவது பிரிவு மனுவுக்குச் சட்டம் சொன்ன 60 நாளை உண்மையாக்குவது. பிரிவைப் பற்றி யோசிக்கும் பெண்கள், பத்திரம் எழுதித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன், தங்கள் ஊர்க் கோர்ட்டின் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் வழக்குச் செலவுக்குமான மனுவை முதல் நாளே போடச் சொல்லிக் கேளுங்கள்.